ஊதிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத மயக்கம்: மலிவுக் கட்டண விமானங்களும் விமானிகளின் தூக்கமும்

2024 ஜனவரி 25. இந்தோனேசியாவின் கெண்டாரியிலிருந்து 153 பயணிகளுடன் ஜகார்த்தாவுக்குக் கிளம்பிய பாட்டிக் ஏர் விமானம் மேலே ஏறி நிலையான உயரத்தை எட்டியது. கொஞ்ச நேரம் ஓய்வெடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு கேப்டன் கண்ணயர்ந்தார். விமானத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு துணை விமானியிடம் வந்தது. அவர் வீட்டில் பிறந்து ஒரு மாதமான இரட்டைக் குழந்தைகள். முந்தின இரவு அவருக்குச் சரியான தூக்கமில்லை. சிறிது நேரத்தில் அவரும் தூங்கிப்போனார்.

அடுத்த 28 நிமிடங்கள் விமானத்தைத் தானியங்கிக் கருவி மட்டுமே ஓட்டியது. ஜகார்த்தா கட்டுப்பாட்டு மையம் கூப்பிட்டுப் பார்த்தது, பதிலில்லை. கேப்டன் விழித்துப் பார்த்தபோது விமானம் பாதையிலிருந்து விலகியிருந்தது. பக்கத்து இருக்கையில் துணை விமானி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினார், பாதையைச் சரிசெய்தார்கள், பத்திரமாகத் தரையிறங்கினார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

விசாரணை அறிக்கையில் வரும் ஒரு சின்னத் தகவல்தான் என்னை யோசிக்க வைத்தது. அன்றைய பயணத்துக்கு முன் விமானிகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்திருக்கிறது. ரத்த அழுத்தம் சரி, நாடித்துடிப்பு சரி, மது அருந்தவில்லை. எல்லாவற்றிலும் தேறிய பிறகுதான் காக்பிட்டில் ஏறினார்கள்.

குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லிக் கண்டுபிடித்துவிடலாம். தூங்காமல் வந்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்க அப்படி ஒரு கருவி எந்த விமான நிலையத்திலும் இல்லை. அதனால் உலகம் முழுக்க ஒரு மாற்று ஏற்பாடு இருக்கிறது. தூக்கத்தை அளக்க முடியாவிட்டால் என்ன, நேரத்தை அளப்போம். இத்தனை மணி நேரம் வேலை, இத்தனை மணி நேரம் ஓய்வு என்று கடிகாரத்தை வைத்து விதி போடுவோம். விமானிகளின் களைப்பு பற்றி இன்று நடக்கும் எல்லாச் சண்டையும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

பாட்டிக் ஏர் மலிவுக் கட்டண நிறுவனம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். லயன் ஏர் குழுமத்தில் முழுச் சேவை தரும் பிரிவு அது. களைப்பு எல்லா விமான நிறுவனங்களிலும் உண்டு. ஆனால் கடிகார விதிகளின் விளிம்பில் நின்று தொழில் நடத்துவதை ஒரு கலையாகவே வளர்த்தவை மலிவுக் கட்டண நிறுவனங்கள். அது எப்படி என்று பார்க்கலாம்.

உடம்பின் கணக்கு

மாடிப்படி ஏறி இறங்கினால் வரும் அலுப்பு வேறு, இங்கே பேசும் களைப்பு வேறு. விமானி நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் வேலை செய்கிறார். ஓய்ந்துபோவது மூளை.

இரண்டு விஷயங்கள் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. ஒன்று, கண் விழித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்துக்கான கடன் ஏறிக்கொண்டே போகும். இன்னொன்று, உடம்புக்குள் ஓடும் 24 மணி நேரக் கடிகாரம். அதிகாலை 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையே அது உடம்பை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய்விடும். பகலில் நன்றாகத் தூங்கி எழுந்தவரையும் அந்த நேரம் விடாது.

1997இல் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண், மூளை ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்கு வந்துவிடுகிறது. 24 மணி நேரம் ஆனால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். பல நாடுகளில் கார் ஓட்டுவதற்கான உச்ச வரம்பே 0.05 சதவீதம்தான்.

இதைவிடக் கவலை தருவது 2003இல் வந்த இன்னொரு ஆய்வு. இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமே படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்டவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. கடைசியில் ஒன்றிரண்டு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் நிலைக்கு வந்து நின்றது. ஆனால் அவர்களையே கேட்டால், கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருக்கிறது, மற்றபடி சமாளிக்கிறோம் என்றார்கள். அளவுக்கு மீறிக் குடித்தவர் நான் தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று அடம்பிடிப்பது போலத்தான். எந்த மூளை களைத்திருக்கிறதோ, அதனிடமே நீ களைத்திருக்கிறாயா என்று கேட்கிறோம்.

கண் சொக்குவது என்கிறோமே, அதைத் தூக்க ஆராய்ச்சியாளர்கள் தனியாகவே அளக்கிறார்கள். சில விநாடிகள் மூளை அணைந்து மறுபடி எரியும். சம்பந்தப்பட்டவருக்கே அது தெரியாமல் போகலாம். தரையிறங்கும் நேரத்தில் ஒரு நடுத்தர ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் வரும். ஐந்து விநாடி கண் சொக்கினால் அதற்குள் 350 மீட்டர் போயிருக்கும்.

நிறுவனத்தின் கணக்கு

விமானம் தரையில் நின்றால் செலவு, பறந்தால்தான் வரவு. மலிவுக் கட்டண நிறுவனங்களின் மொத்தத் தத்துவமும் இவ்வளவுதான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம், விமானம் வந்து நின்ற பத்தே நிமிடத்தில் பயணிகளை இறக்கி, அடுத்தவர்களை ஏற்றிக் கிளப்பிவிடும் பழக்கத்தைக் கொண்டுவந்தது. பிறகு வந்த ரயன்ஏர் போன்றவை 25 நிமிடத்தில் திருப்பி அனுப்புவதைத் தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டன.

இந்த வேகத்தில் விமானிகள் எங்கே வருகிறார்கள்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விமானம் தினமும் 12 மணி நேரம் பறக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 4,380 மணி நேரம். ஐரோப்பிய விதிப்படி ஒரு விமானி காலண்டர் ஆண்டில் அதிகபட்சம் 900 மணி நேரம் பறக்கலாம். எல்லாரும் அந்த உச்சத்தைத் தொட்டால், ஒரு விமானத்துக்கு ஐந்து ஜோடி விமானிகள் போதும். அவர்களைச் சற்று நிதானமாக, ஆண்டுக்கு 750 மணி நேரம் மட்டும் பறக்கவிட்டால் ஆறு ஜோடி வேண்டும். 100 விமானங்கள் உள்ள நிறுவனத்தில் இந்த வித்தியாசம் 200 விமானிகள். 200 சம்பளம், 200 பேருக்கான பயிற்சி, சிமுலேட்டர், விடுப்பு. டிக்கெட்டில் சில்லறை சில்லறையாகச் செலவைக் குறைக்கும் தொழிலில் இந்த 200 பேர் கண்ணை உறுத்தத்தான் செய்வார்கள்.

இப்படித்தான் வரம்பாகப் போட்ட எண் இலக்காக மாறுகிறது. இதற்குமேல் போனால் ஆபத்து என்பதற்காக வைத்த கோட்டை, இதுவரை போகலாம் என்று படிக்கிறார்கள். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அதுதான் சிக்கலே.

ஆண்டுக்கு 900 என்றால் மாதத்துக்கு 75 மணி நேரம்தான், இது ஒரு வேலையா என்று யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அந்த 75 மணி என்பது விமானம் நகர ஆரம்பித்து, போய் நிற்கும் வரையிலான நேரம் மட்டும். ஒன்றரை மணி நேரப் பயணம் நான்கு என்றால் கணக்கில் ஆறு மணி நேரம். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து வானிலை, எரிபொருள், பாதை எல்லாம் பார்க்க வேண்டும். நடுவில் மூன்று முறை தரையில் நிற்கும் நேரம், கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் நேரம், வீட்டிலிருந்து வந்து போகும் நேரம். ஆறு மணி வேலை பதினொன்றரை மணி ஆகிவிடும். இடையில் சாப்பாடு என்பது காக்பிட்டில் மடியில் வைத்துச் சாப்பிடுவதுதான்.

இதிலும் நீண்ட தூரப் பயணத்துக்கும் குறுந்தூரப் பயணத்துக்கும் வித்தியாசம் உண்டு. கண்டம் விட்டுக் கண்டம் போகும் மிக நீண்ட பயணங்களில் மூன்று நான்கு விமானிகள் இருப்பார்கள், முறை வைத்துப் படுக்கப் படுக்கை இருக்கும். அங்கே பிரச்சினை நேர மண்டலம் மாறுவது. மலிவுக் கட்டண விமானங்கள் பெரும்பாலும் குறுந்தூரம். இரண்டே பேர். ஒரே நாளில் நான்கு, ஐந்து, சில சமயம் ஆறு முறை ஏறி இறங்க வேண்டும். விமானியின் வேலையில் கவனம் அதிகம் கேட்பது ஏறுவதும் இறங்குவதும்தான். ஐரோப்பிய விதியும் இதை ஒப்புக்கொள்கிறது. ஒரு நாளின் மூன்றாவது பயணத்திலிருந்து, ஒவ்வொரு கூடுதல் பயணத்துக்கும் அனுமதிக்கப்பட்ட பணி நேரத்தில் அரை மணி குறையும்.

இரவு டூட்டியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதிகாலை டூட்டி அதற்குக் குறைந்ததில்லை. காலை 5.30க்கு வேலையில் இருக்க வேண்டும் என்றால் 3.45க்கு அலாரம். எட்டு மணி நேரம் தூங்க முந்தின மாலை 7.45க்கே தூங்கியிருக்க வேண்டும். ஆனால் உடம்புக் கடிகாரம் மிகவும் விழிப்பாக இருக்கும் நேரமே அந்தி சாயும் வேளைதான். படுத்தாலும் தூக்கம் வராது. பத்தரைக்குத் தூங்கி 3.45க்கு எழுந்தால் ஐந்தேகால் மணி நேரம். இப்படி ஐந்து நாள் தொடர்ந்தால் பதிமூன்று, பதினான்கு மணி நேரத் தூக்கம் கடனாக நிற்கும். விதிப்புத்தகத்தில் அந்த ஐந்து இரவும் முழு ஓய்வு என்றே பதிவாகியிருக்கும்.

2008 பிப்ரவரி 13 அன்று ஹவாய்த் தீவுகளில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். கோ! என்ற மலிவுக் கட்டண நிறுவனத்தின் விமானம் ஹோனலூலுவிலிருந்து ஹிலோவுக்குப் போனது. மொத்தமே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். பட்டப்பகல். இரண்டு விமானிகளும் தூங்கிவிட்டார்கள். சுமார் 18 நிமிடம் பதிலே இல்லை. இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிக் கடலுக்கு மேல் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போய், பிறகு விழித்துத் திரும்பினார்கள். கேப்டனுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருந்தது பிறகுதான் தெரியவந்தது. அதோடு, தொடர்ச்சியான அதிகாலை டூட்டிகளையும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணமாகக் குறிப்பிட்டது.

காகிதத்தில் இருக்கும் ஓய்வு

அமெரிக்க விதி இப்போது பணிகளுக்கு இடையே 10 மணி நேர ஓய்வு தரச் சொல்கிறது, அதில் எட்டு மணி நேரம் தடையின்றித் தூங்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். ஐரோப்பாவில் சொந்த ஊர் என்றால் 12 மணி, வெளியூர் என்றால் 10 மணி. முந்தைய பணி அதைவிட நீளமாக இருந்திருந்தால் ஓய்வும் அதற்குச் சமமாக நீள வேண்டும். வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, 28 நாளில் 190 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. 10 மணி நேரத்தில் ஹோட்டலுக்குப் போவது, குளிப்பது, சாப்பிடுவது, வீட்டுக்கு ஒரு போன், திரும்பக் கிளம்புவது என்று கழித்துக்கொண்டே வாருங்கள். மிச்சமிருப்பதில் உடனே தூக்கம் வந்துவிட வேண்டும். பகல் 11 மணிக்கு, திரைச்சீலை சரியாக மூடாத அறையில், அறையைச் சுத்தம் செய்பவர் கதவைத் தட்டாமல் இருந்தால் வரலாம்.

இந்த அமெரிக்க விதி வந்த கதை சோகமானது. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். கோல்கன் மலிவுக் கட்டண நிறுவனம் அல்ல. காண்டினென்டல் என்ற பெரிய நிறுவனம் சிறு வழித்தடங்களை வெளியே ஒப்படைத்திருந்த, செலவு குறைந்த ஒரு சிறு நிறுவனம். துணை விமானி முந்தின இரவு சியாட்டிலில் ஒரு சரக்கு விமானத்தில் ஏறி, மெம்ஃபிஸில் இறங்கி, வேறு விமானம் மாறி நியூவார்க் வந்து வேலையில் சேர்ந்தவர். நாட்டின் ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி. கேப்டன் ஊழியர் அறையில் இரவைக் கழித்திருந்தார். துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் தெரியவந்தபோது அமெரிக்காவே கொஞ்சம் அதிர்ந்தது. அந்தச் சம்பளத்தில் நியூவார்க் பக்கம் வீடு எடுப்பது எப்படி?

விமானம் வேகம் குறைந்து விழத் தொடங்கியபோது, மூக்கைக் கீழே இறக்குவதற்குப் பதில் கேப்டன் மேலே இழுத்தார். அதுவே விபத்தின் காரணம் என்று வாரியம் முடிவு செய்தது. களைப்பு அவர்களின் செயல்பாட்டை அநேகமாகப் பாதித்திருக்கும், ஆனால் எவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியது. இந்த வாசகம் முக்கியமானது. பல விபத்து அறிக்கைகளில் களைப்பு இப்படித்தான் வரும், ஓரமாக நிற்கும் சாட்சி மாதிரி. உடைந்த போல்ட்டைக் கையில் எடுத்துக் காட்டலாம். களைப்பு எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை.

தடயம் கிடைத்த விபத்து ஒன்று உண்டு. 2010 மே 22, துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். இது அசல் மலிவுக் கட்டண நிறுவனம். காக்பிட் ஒலிப்பதிவில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் கேப்டனின் பேச்சே இல்லை. குறட்டைச் சத்தம் கேட்டது. அவர் எழுந்த கொஞ்ச நேரத்திலேயே தரையிறங்கும் வேலை தொடங்கிவிட்டது. விமானம் தேவைக்கு மேல் உயரத்தில் வந்தது. துணை விமானி மூன்று முறை, இறங்க வேண்டாம், மேலே ஏறிவிடலாம் என்று சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. ரன்வேயில் மிகத் தள்ளிப் போய்த் தொட்டு, மேட்டு நிலத்தின் விளிம்பைத் தாண்டிச் சரிவில் விழுந்தது. 166 பேரில் எட்டுப் பேர் மட்டும் பிழைத்தார்கள்.

நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளை முழுதாக வேலைக்கு வருவதற்கு அரை மணி நேரம்கூடப் பிடிக்கலாம். அந்த மந்தத்தோடு, உள்கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும் அதிகாலை நேரமும் சேர்ந்துகொண்டது என்று விசாரணை நீதிமன்றம் சொன்னது.

காக்பிட்டில் தூங்குவதே குற்றமா என்று இங்கே கேட்கலாம். இல்லை. 1994இல் நாசா வெளியிட்ட பரிசோதனையில், நீண்ட பயணத்தின் நடுவே ஒரு விமானிக்கு 40 நிமிடம் ஒதுக்கினார்கள். அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். பிறகு தரையிறங்கும் வரை தூங்காதவர்களைவிட விழிப்பாக இருந்தார்கள். ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை இதை முறையாக அனுமதிக்கின்றன. யார் தூங்குவது, எவ்வளவு நேரம், கேபின் ஊழியர் எப்போது அழைத்துச் சரிபார்ப்பது, எழுந்த பிறகு எவ்வளவு நேரம் பொறுப்பு ஏற்கக் கூடாது என்று எல்லாம் எழுதியிருக்கும். அமெரிக்கா இன்னும் அனுமதிக்கவில்லை. அங்கே யாரும் தூங்குவதில்லை என்று நம்புவதா, சொல்லாமல் தூங்குகிறார்கள் என்று நினைப்பதா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இந்த மருந்தும் செல்லாது. ஏறி நிமிர்வதற்குள் இறங்கும் வேலை வந்துவிடும்.

முடியாது என்று சொல்வதற்கு ஆகும் செலவு

எல்லா நாட்டு விதியும் கடைசிப் பொறுப்பை விமானியிடமே விடுகிறது. பறக்கும் நிலையில் இல்லை என்று தோன்றினால் அவர் சொல்லிவிட வேண்டும், அது அவர் கடமை. 2011இலிருந்து சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, களைப்பை நிர்வகிக்கத் தனி முறை வைத்துக்கொள்ளவும் நிறுவனங்களுக்கு வழி செய்திருக்கிறது. ரோஸ்டரை, அதாவது விமானிகளின் பணி அட்டவணையை, மென்பொருளில் போட்டு எந்த டூட்டியில் களைப்பு கூடும் என்று கணிப்பது, விமானிகள் தரும் களைப்புப் புகார்களைத் தொகுத்துப் பார்ப்பது, ரோஸ்டரைத் திருத்துவது. ஏட்டில் அருமையான முறை. புகார் வந்தால்தான் இது ஓடும். புகாரோ வருவதில்லை.

ஏன் வருவதில்லை? சம்பளத்தின் ஒரு பகுதி பறந்த மணிக்கணக்கில் வந்தால், இன்று முடியாது என்று சொல்லும் நாள் சம்பளம் போகும் நாள். ஐரோப்பிய மலிவுக் கட்டண நிறுவனங்கள் பலவற்றில் விமானிகள் நிறுவனத்தின் ஊழியர்களாகவே இல்லாமல், ஏஜென்சி வழியாகவோ, தனித் தொழில் செய்பவர்கள் என்ற பெயரிலோ வேலை பார்த்திருக்கிறார்கள். 2015இல் பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பாவில் ஆறில் ஒருவருக்கு மேல் இப்படி வழக்கத்துக்கு மாறான ஏற்பாட்டில் இருப்பதாகவும், மலிவுக் கட்டண நிறுவனங்களில் அது அதிகம் என்றும் சொன்னது. பயிற்சிக்கு வாங்கிய கடன் தலைக்கு மேல் இருக்கும் 24 வயதுத் துணை விமானி, அதிகாலை 3.45க்கு அலாரத்தை நிறுத்திவிட்டு, பணி ஒதுக்கும் பிரிவுக்கு போன் செய்து என்னால் முடியாது என்று சொல்வாரா? முகம் கழுவிக்கொண்டு கிளம்பத்தான் செய்வார்.

2022 கோடையில், ஹங்கேரியின் மலிவுக் கட்டண நிறுவனமான விஸ் ஏரின் தலைவர் யோசெஃப் வாராடி ஊழியர்களிடம் பேசிய ஒரு காணொளி வெளியே கசிந்தது. களைப்பென்று சொல்லி ஆட்கள் வராமலிருந்தால் தொழில் நடத்த முடியாது, எல்லாருக்கும்தான் களைப்பு, சில நேரம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். விமானிகள் சங்கங்கள் கொதித்தன. காணொளி வெட்டப்பட்டது, பேச்சின் சூழல் அதில் இல்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அது எப்படியோ போகட்டும். மேலிருந்து வரும் தொனியை ஊழியர்கள் விதிப்புத்தகத்தைவிட நன்றாகப் படித்துவிடுவார்கள்.

சங்கங்களின் கருத்துக்கணிப்புகள் தரும் எண்கள் பயமுறுத்துபவை. 2013இல் பிரிட்டன் விமானிகள் சங்கம் கேட்டபோது 56 சதவீதம் பேர் காக்பிட்டில் தூங்கியிருப்பதை ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 29 சதவீதம் பேர், விழித்துப் பார்த்தபோது பக்கத்தில் இருப்பவரும் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். 2023இல் ஐரோப்பாவில் ஏறக்குறைய 7,000 பேரிடம் எடுத்த கணிப்பில், நான்கில் மூன்று பேர் கடந்த நான்கு வாரத்தில் ஒருமுறையாவது பணியில் கண் சொக்கியதாகப் பதிலளித்தார்கள். இவற்றைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்பது சங்கம், பதில் சொல்ல முன்வருபவர்களும் பெரும்பாலும் மனக்குறை உள்ளவர்கள். ஆனால் பாதியைத் தள்ளினாலும் மிச்சம் இருப்பது சின்ன எண் அல்ல.

சரி, அப்படியென்றால் மலிவு டிக்கெட் ஆபத்தா? அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. 1985இல் தொடங்கிய ரயன்ஏரில் இதுவரை விபத்தில் ஒரு பயணிகூட இறந்ததில்லை. ஈஸிஜெட்டும் அப்படியே. ஒரே வகை விமானம், புதிய விமானம், ஒரே மாதிரி நடைமுறை என்று மலிவுக் கட்டண முறையில் பாதுகாப்புக்குச் சாதகமான பலவும் இருக்கின்றன. விமானிகள் பல நேரம் ராத்திரி சொந்த வீட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள், அது பெரிய விஷயம். ஐந்து நாள் அதிகாலை, நான்கு நாள் ஓய்வு, ஐந்து நாள் மாலை, நான்கு நாள் ஓய்வு என்ற மாதிரியான நிலையான ரோஸ்டர், கலைத்துப்போட்ட ரோஸ்டரைவிட உடம்புக்கு நல்லது. சரக்கு விமான விமானிகளின் நிலைதான் பரிதாபம். 2011இல் அமெரிக்கா கொண்டுவந்த புதிய ஓய்வு விதிகளிலிருந்து சரக்கு விமானங்களைச் செலவைக் காரணம் காட்டி விலக்கிவைத்தார்கள். 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் பர்மிங்காமில் விடியும் முன் விழுந்த யூபிஎஸ் சரக்கு விமானத்தின் ஒலிப்பதிவில், இறந்துபோன இரு விமானிகளும் பயணி விமானங்களுக்கு மட்டும் நல்ல விதி என்பதைப் பற்றித்தான் கிளம்பும் முன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே பிரச்சினை டிக்கெட் விலையில் இல்லை. எதிர்பாராதது நடந்தால் தாங்குவதற்கு ரோஸ்டரில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. மூடுபனி, கோளாறு, ஒருவருக்குக் காய்ச்சல் என்று எது வந்தாலும் நாள் நீளும். அப்போது கேப்டன் தன் விருப்பத்தின் பேரில் பணி நேரத்தை இரண்டு மணி நேரம் வரை நீட்டிக்கலாம் என்று ஐரோப்பிய விதி சொல்கிறது. 180 பயணிகள் முறைத்துப் பார்க்கும் நேரத்தில் அதை விருப்பம் என்று சொல்ல முடியுமா தெரியவில்லை.

இடமே விடாமல் ரோஸ்டர் போட்டால் என்ன ஆகும் என்பதை 2017இல் ரயன்ஏர் பார்த்தது. விமானிகளின் விடுப்பைக் கணக்கிட்டதில் குளறுபடி, சில வாரங்களில் சுமார் 2,000 பயணங்கள் ரத்து, பிறகு குளிர்காலத்துக்கு இன்னும் 18,000. இதே மாதிரி இந்தியாவிலும் நடந்தது. 2024 ஜனவரியில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புதிய விதிகளை அறிவித்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. இரவு என்பது காலை 5 மணிக்குப் பதில் 6 மணி வரை நீண்டது. இரவில் ஆறு முறை வரை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. உடம்புக் கடிகாரத்தைக் கொஞ்சமாவது மதித்த விதிகள். 2024 ஜூனில் அமலாக வேண்டியவை நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போய், டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டமாக வந்தன.

ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும், நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோ போதிய விமானிகளை வைத்திருக்கவில்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் ரோஸ்டர் சரிந்தது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் ரத்தாயின. விமான நிலையங்களில் பெட்டிகள் மலைபோல் குவிந்தன, ஜனங்கள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். அன்றைக்கே இயக்குநரகம் இறங்கிவந்தது. இரவுப் பணி தொடர்பான விதிகளில் அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கிடைத்தது. கூடவே இன்னொரு வரியையும் எல்லா நிறுவனங்களுக்குமாக நீக்கினார்கள். விமானி எடுக்கும் விடுப்பை வார ஓய்வாகக் கணக்கு வைக்கக் கூடாது என்ற வரி அது. அது போனதால், சொந்த வேலைக்காக ஒரு விமானி போட்ட இரண்டு நாள் லீவையும், ரோஸ்டர் போடுபவர் அவருடைய வார ஓய்வு என்று எழுதிக்கொள்ள வழி பிறந்தது.